கிளப் லெவல் ஆட்டக்காரங்களுக்கு ஆன்லைன் செஸ் சாம்பியன்ஷிப் நடத்துறது எப்படி: அறிவிப்புலேர்ந்து பரிசு வரைக்கும்

எங்க ஊர் கிளப்புல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இருவது இருவத்தஞ்சு பேரு கூடி ஆடுவோம். ஸ்கூல் பசங்க, ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர், பேங்க்ல வேலை பாக்குற ஒரு அக்கா, நாலஞ்சு காலேஜ் பசங்க. 2020 லாக்டவுன்ல அது அப்படியே நின்னுபோச்சு, அப்போ ஆரம்பிச்சதுதான் ஆன்லைன் சாம்பியன்ஷிப், அப்புறம் கிளப் திரும்ப தொறந்தும் நாங்க இத விடல, ஏன்னா வேலைக்குன்னு பெங்களூரு, துபாய், சிங்கப்பூர்னு போனவங்களுக்கு நம்ம கூட ஆட இது ஒண்ணுதான் வழி. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துறோம். அதுல கத்துக்கிட்டத எல்லாம் இங்க எழுதி வெக்கிறேன், யாராவது புதுசா நடத்தப் போறீங்கன்னா நாங்க பட்ட பாடு உங்களுக்கு மிச்சமாகும்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். டோர்னமெண்ட் நல்லா நடந்துச்சான்னு பாக்க நான் முதல் மூணு எடத்த பாக்க மாட்டேன், கடைசி அஞ்சு போர்டுல, அதாவது பாயிண்ட்ல கீழ இருந்து ஆடினவங்க கடைசி ரவுண்டு வரைக்கும் இருந்தாங்களான்னுதான் பாப்பேன். ரேட்டிங் (ஆட்டத் திறமைய காட்டுற நம்பர்) 2000 இருக்கற பையனுக்கு ஆட ஆயிரம் எடம் இருக்கு, 1100 ரேட்டிங்ல ஆபீஸ் முடிச்சுட்டு வந்து ஆடுறவருக்கு நம்ம கிளப்தான் இருக்கு. கீழ நான் சொல்ற முடிவு முக்காவாசி இத வெச்சு எடுத்ததுதான்.

படி 1: ஃபார்மேட்ட முடிவு பண்ணுங்க

நாக்அவுட் வேணவே வேணாம், முதல் ரவுண்டுலயே பாதி பேரு வீட்டுக்குப் போயிடுவாங்க. அரீனா ஜாலியா இருக்கும், குறிப்பிட்ட நேரம் வரைக்கும் ஆட்டம் முடிய முடிய அடுத்த ஆட்டம் கிடைச்சுகிட்டே இருக்கும், ஜெயிச்சா 2 பாயிண்ட் டிரா பண்ணா 1, தொடர்ந்து ரெண்டு ஜெயிச்சா அதுக்கப்புறம் டபுள், நேரத்த பாதியாக்கி பெர்செர்க் போட்டு ஜெயிச்சா ஒரு பாயிண்ட் கூட. வாராவாரம் பழக்கத்துக்கு நல்லது, ஆனா வேகமா ஆடி நிறைய கேம் அடிக்கறவங்கதான் மேல வருவாங்க, யோசிச்சு ஆடுறவங்களுக்கு அது நியாயமா இருக்காது. அதனால சாம்பியன்ஷிப்னு பேரு வெச்சுட்டு அரீனா நடத்தாதீங்க.

பத்து பேரு இருந்தா ரவுண்ட் ராபின் அருமை, ஒவ்வொருத்தரும் ஒன்பது ஆட்டம், மொத்தம் 45 கேம், வாரத்துக்கு ஒண்ணுன்னு 15+10-ல (ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 10 நொடி இன்க்ரிமெண்ட்டா கூடும்) வெச்சா ரெண்டு மாசம் லீக் மாதிரி போகும். ஆனா நடுவுல ஒருத்தர் விட்டுட்டுப் போனா டேபிளே கோணிடும். அதுக்கு ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) நடைமுறை ஒண்ணு இருக்கு, பாதிக்கும் குறைவா ஆடிட்டு வெளிய போனா அவரோட ரிசல்ட் டேபிள்ல நிக்கும் ஆனா ஸ்டாண்டிங்ல கணக்குல வராது, பாதியோ அதுக்கு மேலயோ ஆடியிருந்தா மிச்ச ஆட்டம் எதிராளிக்குப் போகும். இத முதல் நாளே எழுதி வெச்சுடுங்க.

பதினாறு பேருக்கு மேல வந்தா ஸ்விஸ்தான். 1895-ல சூரிக்ல நடந்த டோர்னமெண்ட்லேர்ந்து வந்த முறை, அதான் ஸ்விஸ்னு பேரு. யாரும் வெளியேற மாட்டாங்க, ஒரே பாயிண்ட்ல இருக்கறவங்க மோதிக்குவாங்க, ரெண்டு மூணு தோத்தவருக்கும் அடுத்து தன் லெவல்ல ஒரு ஆள் கிடைப்பாரு. கடைசி போர்டு ஆளுங்கள கடைசி வரைக்கும் புடிச்சு வெக்கறது இந்த ஒரு விஷயம்தான். எத்தனை ரவுண்டுங்கறது சுலபமான கணக்கு: 16 பேருன்னா குறைஞ்சது 4, 32-க்கு 5, 64-க்கு 6, ஆனா டிரா எல்லாம் வரும்ல, அதனால ஒண்ணு ரெண்டு சேத்துக்கோங்க. நாங்க நாப்பது பேர் வந்தா 7 ரவுண்டு வெக்கிறோம், முதல் ஞாயிறு நாலு, அடுத்த ஞாயிறு மூணு.

படி 2: டைம் கண்ட்ரோல்

முதல் வருஷம் 10+0 வெச்சோம், இன்க்ரிமெண்ட் இல்லாம. மூணாவது ரவுண்டுல ரெண்டு பேர் கிட்டயும் ஒரு யானை ஒரு ராஜா, சமமான பொசிஷன், ஒருத்தர் சும்மா யானைய அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டி எதிராளியோட ஃபிளாக்க விழ வெச்சாரு, அதாவது அவரோட டைம முடிய வெச்சாரு. ரூல்படி ஜெயிச்சதுதான், தோத்த பெரியவரு போன் போட்டு ஒண்ணும் சொல்லல, "சரிப்பா"ன்னு மட்டும் சொன்னாரு, அடுத்த ரவுண்டு வரல. அன்னிக்கு முடிவு பண்ணோம், இன்க்ரிமெண்ட் இல்லாம இனி கிடையாது.

கிளப் ஆட்டத்துக்கு 10+5 சரியா இருக்கும். 60 மூவ் போனா ஆளுக்கு 15 நிமிஷம், ரெண்டு பேருக்கும் அரை மணி. நாங்க ஆடுற லிசெஸ் சைட்டோட ஸ்விஸ்ல எல்லா ஆட்டமும் முடிஞ்சாதான் அடுத்த ரவுண்டு வரும், அதனால ஒரு ரவுண்டுக்கு நாப்பது நிமிஷம் கணக்கு வெச்சுக்கோங்க, நாலு ரவுண்டு கிட்டத்தட்ட மூணு மணி நேரம். ஒரே நாள்ல ஏழு ரவுண்டு ரேபிட் (10+5 மாதிரி ஆட்டம்) வெச்சா பெரியவங்க, சின்ன பசங்க ரெண்டு பேருமே அஞ்சாவது ரவுண்டுல துவண்டுடுவாங்க. 3+2 பிளிட்ஸ் (ரொம்ப வேகமான ஆட்டம்) வேணும்னா தனியா ஒரு நாள் வைங்க, மவுஸ் பழக்கம் இல்லாதவங்கள அதுல கஷ்டப்படுத்தாதீங்க.

படி 3: எந்த சைட்டு

செஸ்.காம்லயும் கிளப் ஆரம்பிச்சு டோர்னமெண்ட் நடத்தலாம், நிறைய பசங்களுக்கு அங்கதான் அக்கவுண்ட் இருக்கு. நாங்க லிசெஸ் எடுத்தோம், முழுசா இலவசம், விளம்பரம் இல்ல, நன்கொடைல ஓடுற அமைப்பு, 2010-லேர்ந்து இருக்கு. பழைய போன்லயும் ஓடுது. ரெண்டு சைட்டு ரேட்டிங்கயும் ஒண்ணா போட்டு ஒப்பிடாதீங்க. லிசெஸ்ல புதுசா வர எல்லாரும் 1500-ல ஆரம்பிப்பாங்க, அதனால அங்க 1500-னா செஸ்.காம் 1500-ஐ விட கீழதான் பெரும்பாலும் இருக்கும்.

லிசெஸ்ல ஸ்விஸ் வெக்கணும்னா முதல்ல ஒரு டீம் உருவாக்கணும், டீம் லீடர்தான் ஸ்விஸ் போட முடியும், டீம்ல இருக்கறவங்கதான் ஆட முடியும். டீம்ல சேர ரிக்வெஸ்ட் அனுப்பி நீங்க ஓகே பண்ற மாதிரி செட்டிங் வைங்க, இல்லேன்னா தெரியாதவங்க எல்லாம் உள்ள வந்துடுவாங்க. அப்புறம் ஸ்விஸ் போடும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு.

ரெண்டு ஞாயிறுல பிரிச்சு நடத்துறீங்கன்னா ரவுண்டு இடைவெளில "ஒவ்வொரு ரவுண்டையும் நாமளே நேரம் வெக்கிறது"ங்கற ஆப்ஷன எடுங்க. குறைஞ்சபட்சம் இத்தனை ரேட்டட் கேம் (ரேட்டிங்குக்கு கணக்குல வர்ற ஆட்டம்) ஆடியிருக்கணும்னு ஒரு நிபந்தனை போடலாம், நாங்க ரேபிட்ல 20 வெச்சிருக்கோம், ரேட்டிங் இன்னும் உறுதியாகாம பக்கத்துல கேள்விக்குறியோட இருக்கற ஆள வெச்சு பேரிங் (யாரு யாரோட ஆடணும்னு ஜோடி) போட்டா முதல் ரெண்டு ரவுண்டு தாறுமாறா போகும். அப்புறம் எங்களுக்கு ரொம்ப உதவினது, யாரு யாரோட மோதக்கூடாதுன்னு குடுக்கற ஒரு பெட்டி, ஒரு வரிக்கு ரெண்டு ஐடி போடணும். எங்க டோர்னமெண்ட்ல ஒரே வீட்டுல அண்ணன் தங்கச்சி ஆடுறாங்க, ஒரே ரூம்ல எதிரெதிர உக்காந்து ஆடினா அவங்களுக்கும் சங்கடம் மத்தவங்களுக்கும் சந்தேகம், அதனால அவங்க பேர அதுல போட்டுடுவோம்.

இன்னும் சில விஷயம் ஆடுறவங்களுக்கு முன்னாடியே சொல்லணும். ஒத்தப்படைல ஆள் இருந்தா ஒருத்தருக்கு பை (அந்த ரவுண்டுல ஆட்டம் இல்லாம இருக்கறது) வரும், அதுக்கு ஒரு பாயிண்ட். லேட்டா வந்து சேர்ந்தா ஒரே ஒரு தடவை அரை பாயிண்ட் பை கிடைக்கும், ஆனா பாதி ரவுண்டு தாண்டிட்டா சேர முடியாது. 30 மூவுக்கு முன்னாடி டிரா ஆஃபர் பண்ண முடியாது, இது நல்ல ரூல், நண்பர்கள் பேசி வெச்சு டிரா பண்றது குறையும். ஒரே பாயிண்ட்ல முடிச்சவங்கள பிரிக்கற டைபிரேக்குக்கு லிசெஸ் சோன்போர்ன்-பெர்கர் எடுக்குது, அதாவது நீங்க ஜெயிச்ச ஆளோட ஸ்கோர் முழுசு, டிரா பண்ண ஆளோட ஸ்கோர் பாதி, எல்லாத்தையும் கூட்டுவாங்க. நேர்ல நடக்குற டோர்னமெண்ட்ல பக்ஹோல்ஸ் (எல்லா எதிராளியோட ஸ்கோரையும் கூட்டுறது) பாத்து பழகினவங்க "எனக்கு ஏன் நாலாவது எடம்"னு கேப்பாங்க, அதனால ரூல்ஸ்ல இத ஒரு உதாரணத்தோட எழுதிடுங்க.

படி 4: தேதியும் பதிவும்

மூணு வாரம் முன்னாடி அறிவிச்சா போதும், அதுக்கு மேல போனா மறந்துடுவாங்க. மாவட்ட சங்கத்தோட டோர்னமெண்ட் பெரும்பாலும் ஞாயிறுலதான் வரும், அத முதல்ல பாருங்க. மார்ச்ல பொதுத்தேர்வு, அப்போ வெச்சா பசங்க வர மாட்டாங்க, வந்தாலும் அப்பா அம்மாவோட சண்டை.

வெளிநாட்டுல ஆளு இருந்தா நேரத்த ஊர் பேரோட எழுதுங்க. நம்ம சாயங்காலம் 7 மணின்னா இலங்கைலயும் 7, துபாய்ல 5:30, சிங்கப்பூர்ல ராத்திரி 9:30. நாலு ரவுண்டு வெச்சா சிங்கப்பூர்காரருக்கு நடுராத்திரி தாண்டிடும், அதனால நாங்க மதியம் 3:30-க்கு ஆரம்பிக்கிறோம்.

கூகுள் ஃபார்ம் ஒண்ணு போடுங்க: பேரு, லிசெஸ் ஐடி, வாட்ஸ்அப் நம்பர், வயசு பிரிவு, 18-க்கு கீழன்னா பெத்தவங்க சம்மதம், ரூல்ஸ படிச்சேன்னு ஒரு டிக். ஐடிய டைப் பண்ண விடாதீங்க, ப்ரொஃபைல் லிங்க்க காப்பி பண்ணி போடச் சொல்லுங்க. எங்களுக்கு ஒரு தடவை ஐடில ஒரு எழுத்து மாறி, சம்பந்தமே இல்லாத யாரோ ஒருத்தர டீமுக்குக் கூப்பிட்டுட்டோம். போன் நம்பர் லிஸ்ட நடத்துறவங்களத் தவிர யாருக்கும் காட்டாதீங்க. சின்ன பசங்க அக்கவுண்ட்ல கிட் மோடு போடச் சொல்றோம், அதுல சாட் மெசேஜ் எதுவும் இருக்காது, அதனால அவங்களுக்கு சேதி எல்லாம் பெத்தவங்க வாட்ஸ்அப்ல போகணும்.

நுழைவுக் கட்டணம் பத்தி எல்லாரும் கேக்குறாங்க. எங்க பதில்: வாங்காதீங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், காசு கட்டி காசு ஜெயிக்கற ஆன்லைன் விளையாட்ட திறமையா அதிர்ஷ்டமான்னு பாக்காம தடை பண்ணுது. இ-ஸ்போர்ட்ஸ்க்கு விலக்கு இருக்கு ஆனா அதுக்கு அங்கீகாரம் பதிவுன்னு தனி நிபந்தனை, ஒரு சின்ன கிளப் அதுக்குள்ள போக வேண்டிய அவசியமே இல்ல. இலவசமா நடத்துங்க, பரிசுக்கு உள்ளூர்ல ஒருத்தர் கிட்ட செஸ் புக், கடிகாரம், போர்டுன்னு கேட்டு வாங்குங்க, காசு கேட்டா யோசிக்கிறவங்க கூட பொருளா கேட்டா சந்தோஷமா குடுக்குறாங்க.

படி 5: ரூல்ஸ், முக்கியமா நெட் போனா என்ன

2020 ஆகஸ்ட்ல நடந்த ஃபிடே ஆன்லைன் ஒலிம்பியாட் ஞாபகம் இருக்கா? கால் இறுதில இந்தியாவோட ஆடின அர்மீனிய ஆட்டக்காரர் ஒருத்தருக்கு கனெக்ஷன் போச்சு, அப்பீல் பண்ணாங்க, தள்ளுபடி ஆச்சு, அர்மீனியா டீம் போட்டிலேர்ந்தே விலகிடுச்சு. ஃபைனல்ல அதே மாதிரி நம்ம பக்கம் நிகால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்கும் நெட் போயி டைம்ல தோத்தாங்க, உலகம் பூரா அன்னிக்கு இண்டர்நெட் கோளாறு, கடைசில இந்தியா ரஷ்யா ரெண்டுக்கும் தங்கம்னு அறிவிச்சாங்க. அவ்ளோ பெரிய போட்டியிலயே இப்படின்னா நம்ம ஊர்ல மழை பெஞ்சு கரண்ட் போற அன்னிக்கு என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. அதனால இத தெளிவா முன்னாடியே எழுதணும். எங்க வரிகள அப்படியே எடுத்துக்கலாம்:

"நெட், கரண்ட், போன் பேட்டரி எல்லாம் ஆடுறவர் பொறுப்பு. கனெக்ஷன் போனா கடிகாரம் ஓடும், டைம் முடிஞ்சா தோல்விதான். சைட்டே மொத்தமா விழுந்து நிறைய போர்டு நின்னா மட்டும் ஆர்பிட்டர் (நடுவர்) அந்த ரவுண்ட திரும்ப நடத்தலாம். மவுஸ் தவறி வெச்ச மூவும் மூவ்தான். ஆர்பிட்டர் முடிவே இறுதி, அப்பீல் அந்த ரவுண்டு முடிஞ்சு 10 நிமிஷத்துக்குள்ள, ஆர்பிட்டருக்கு தனியா மட்டும்."

கடுமையா தெரியும். ஆனா ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா அடுத்தவருக்கு என்ன சொல்றதுன்னு நமக்கே தெரியாம போகும். அதுக்கு பதிலா முன்னாடியே உதவுங்க: வைஃபை இருந்தாலும் மொபைல் டேட்டாவ தயாரா வெக்கச் சொல்லுங்க, போன்ல ஆடுறவங்க கால் வராம டு நாட் டிஸ்டர்ப் மோடு போடச் சொல்லுங்க.

படி 6: ஏமாத்துறது, அத விட முக்கியம் பழி போடுறது

ஸ்டாக்ஃபிஷ்னு செஸ் எஞ்சின் (செஸ் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம்) இலவசமா போன்லயே ஓடுது, உலக சாம்பியன விட பலமா ஆடும், அதனால யாராவது ஒருத்தர் பாத்து ஆடுவாங்கங்கற பயம் நியாயம்தான். ஆனா எங்க கிளப்புக்கு பெரிய காயம் வந்தது ஏமாத்தினவரால வரல. ஒரு பன்னெண்டு வயசு பையன் ரேட்டிங்ல முன்னூறு பாயிண்ட் மேல இருந்தவர அழகா ஜெயிச்சான், உடனே ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப்புல "அக்யூரசி 96 வருது, எஞ்சின்தான்"னு போட்டுட்டாரு. அக்யூரசின்னா ஆடின மூவ் எஞ்சின் சொல்ற மூவோட எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற நம்பர். அது 19 மூவ் ஆட்டம், முதல் பன்னெண்டு மூவ் கோச் சொல்லிக்குடுத்த இத்தாலியன்ங்கற ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க மூவ் வரிசை), அப்புறம் எதிராளி ஒரு குதிரைய சும்மா விட்டாரு. அந்த மாதிரி ஆட்டத்துல யாருக்கும் அக்யூரசி அப்படித்தான் வரும். பையன் அன்னிக்கே குரூப்ப விட்டுப் போயிட்டான், நாலு மாசம் கழிச்சு அவங்க வீட்டுக்கு ரெண்டு தடவை போய் பேசினதுக்கு அப்புறம்தான் திரும்ப வந்தான். அவன் முகம் இன்னும் எனக்கு கண்ணுல நிக்குது.

அதுக்கப்புறம் வெச்ச ரூல்: குரூப்புல, சாட்ல யாரப் பத்தியும் சந்தேகம் எழுதினா அந்த டோர்னமெண்ட்லேர்ந்து வெளிய, யாரா இருந்தாலும் சரி. சந்தேகம் இருந்தா ஆர்பிட்டருக்கு தனியா, எந்த ஆட்டம் எந்த மூவுன்னு சொல்லி எழுதணும். நாங்க மூணு பேர் பாப்போம், அக்யூரசி நம்பர மட்டும் வெச்சு எதுவும் முடிவு பண்ண மாட்டோம். மூவுக்கு எவ்ளோ நேரம் எடுத்தாருன்னு பாப்போம், சாதாரணமா காய திருப்பி வெட்டறதுக்கும் ஏழு நொடி, கஷ்டமான தியாகத்துக்கும் ஏழு நொடின்னா அது கவனிக்க வேண்டியது, ஒரே ஆட்டமா பல ஆட்டமான்னு பாப்போம், பழைய ஆட்டம் எப்படி இருக்குன்னு பாப்போம். அப்பவும் நாங்க தீர்ப்பு சொல்றதில்ல, லிசெஸ்க்கு ரிப்போர்ட் பண்ணிடுவோம், அவங்க கிட்ட நம்ம கிட்ட இல்லாத தகவல் எல்லாம் இருக்கு. அவங்க அந்த அக்கவுண்ட ரூல மீறினதுன்னு மார்க் பண்ணா மட்டும் நீக்கம். இதுக்காகவே ரிசல்ட்ட தற்காலிகம்னு அறிவிச்சு ஒரு வாரம் கழிச்சுதான் உறுதி பண்றோம், பரிசும் அப்பதான்.

கேமரா வேணுமான்னு கேட்டா, எல்லாருக்கும் வேணாம், வீட்டுல எடம் இல்லாதவங்க, கேமரா நல்லா இல்லாதவங்க ஆடாமலே போயிடுவாங்க. கடைசி ரெண்டு ரவுண்டு மேல் நாலு போர்டுக்கு மட்டும் கேக்குறோம். இலவச ஜூம் 40 நிமிஷத்துல நின்னுடும், கூகுள் மீட் ஒரு மணி நேரம், அதனால ரவுண்டுக்கு ஒரு புது லிங்க்.

படி 7: ஒத்திகை, அப்புறம் அந்த நாள்

முன்னாடி புதன்கிழமை ராத்திரி 3+2-ல ரெண்டு ரவுண்டு ஒத்திகை ஸ்விஸ் வைங்க, ரேட்டிங் இல்லாம. லாகின் மறந்தவங்க, வேற ஐடில வந்தவங்க, டீம்ல சேராதவங்க எல்லாம் அன்னிக்கே தெரிஞ்சுடும். இத மட்டும் விட்டுடாதீங்க, மத்ததுல எதையாவது குறைச்சாலும் பரவால்ல.

அந்த நாளுக்கு மூணு பேர் வேணும்: ஆர்பிட்டர் ஒருத்தர், அவரு ஆடக்கூடாது. ஸ்விஸ் பேஜ பாத்துக்க ஒருத்தர். போன் எடுக்க ஒருத்தர், இதுதான் கஷ்டமான வேலை, பொறுமையான ஆளா போடுங்க, எங்க கிளப்புல அந்த பேங்க் அக்கா செய்றாங்க, அவங்க குரல கேட்டாலே பதட்டமா கூப்பிடுறவங்க அமைதியாயிடுவாங்க. அரை மணி முன்னாடி ஒரு மெசேஜ், அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒண்ணு. ஆட்டம் வந்ததும் முதல் மூவ உடனே வெக்கச் சொல்லுங்க, காபி எடுக்கப் போயிட்டு வரலாம்னு இருந்தா ஆட்டமே கையவிட்டுப் போயிடும்.

படி 8: பரிசும் அதுக்கப்புறமும்

முதல் மூணு எடம் வழக்கம்தான். அதோட 1500-க்கு கீழ, 12 வயசுக்கு கீழ, 50 வயசுக்கு மேல, ரேட்டிங் வித்தியாசம் அதிகமா இருந்தும் ஜெயிச்சவருக்கு ஒண்ணு, சிறந்த ஆட்டத்துக்கு ஒண்ணு. எந்த ரேட்டிங்க வெச்சு பிரிவுன்னா, பதிவு முடியற நாள் ராத்திரி என்ன இருந்துச்சோ அது, அன்னிக்கே ஷீட்ல எழுதி வெச்சுடுங்க, அப்புறம் மாறிகிட்டே இருக்கும்.

அடுத்த வாரம் லிசெஸ் ஸ்டடில (ஆட்டத்த விளக்கத்தோட சேத்து வெக்கற பக்கம்) ஏழெட்டு ஆட்டம் போட்டு, கிளப்புல நல்லா ஆடுற ஒருத்தர வெச்சு தமிழ்லயே விளக்கம் எழுதுறோம். அதுல பாதி ஆட்டம் கீழ் போர்டுலேர்ந்துதான் எடுப்போம். 900 ரேட்டிங்காரங்க ஆடின யானை எண்டிங் ஒண்ணுல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தவற விட்டத விளக்கினப்ப, அதுதான் ரொம்ப பேர் படிச்சாங்க, ஏன்னா எல்லாரும் அதே தப்ப பண்றாங்க.

அப்புறம் நடுவுல காணாம போனவங்களுக்கு போன் பண்ணுங்க, கோவமா இல்ல, என்ன ஆச்சுன்னு கேக்க. போன தடவை எங்க போஸ்ட்மாஸ்டர் ரெண்டாவது ரவுண்டுக்கு அப்புறம் ஆடல, தோத்த வருத்தம்னு நினைச்சோம். கேட்டா, ரெண்டாவது ரவுண்டுல கரண்ட் போயி ஆட்டம் தோத்திருக்கு. லிசெஸ்ல ஒரு ஆட்டத்துக்கு வரலேன்னா சிஸ்டமே நம்மள டோர்னமெண்ட்லேர்ந்து வெளிய எடுத்துடும், மேல மேல தோக்க வேணாம்னு, திரும்ப சேர ஒரு பட்டன் அழுத்தினா போதும். அது அவருக்குத் தெரியல, நாங்களும் சொல்லல. கரண்ட் வந்ததும் போன கையில வெச்சுகிட்டு மூணாவது, நாலாவது ரவுண்டு பேரிங் வரும் வரும்னு உக்காந்திருந்திருக்காரு. இப்போ அந்த பட்டனோட ஸ்க்ரீன்ஷாட்ட வட்டம் போட்டு ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் குரூப்புல போடுறோம்.